லெனாட் இணைப்பில் நிற்கிறார்

கணினி பார்க்கிற ஆளை மாற்றுவது இவ்வளவு பாவம் பிடித்த வேலை என்று முதலே தெரிந்திருந்தால், நான் பழையபடி கார்பன் தாள் வைத்துக் கையாலேயே பில் எழுதிக்கொண்டு இருந்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன். எனக்கு அந்தப் பெட்டிகளோடு ஒருநாளும் ஒத்துவந்தது கிடையாது.

எங்களுடையது குருநகரில் இறங்குதுறைக்குப் பக்கத்தில் உள்ள நண்டு வாடி. வள்ளக்காரரிடம் நண்டு வாங்கி, தரம் பிரித்து, ஐஸ் போட்டுக் கொழும்புக்கு ஏற்றுவோம். முதலாளி கிறிஸ்துநாயகம் அண்ணை வெளியே தராசடியில் நிற்பார். நான் உள்ளே கணக்கோடு மாரடிப்பேன். கணினி, மெயில், கமரா, இன்டர்நெட் என்று மற்ற எல்லாம் லெனாட்டின் கையில் இருந்தன. லெனாட் எங்கள் கோயில் பங்குப் பொடியன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை எடுத்துக் கணினி திருத்துகிறவன். எங்கள் ஆட்களின் விசர்த்தனத்தைக் கேளுங்கள். ஒரு வேலித் துண்டு யாருடையது என்று பரம்பரை பரம்பரையாக வழக்காடுவோம். ஆனால் கொம்பனியின் மெயிலிலிருந்து பில் போடுகிற புரோகிராம் வரைக்கும் முழுக்க லெனாட்டின் பெயரிலேயே திறக்கவிட்டோம். எங்கடை பொடியன்தானே என்று அண்ணை சொன்னார். நானும் தலையை ஆட்டினேன்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை லெனாட் தகப்பனின் போட்டை எடுத்துக்கொண்டு தனியே கடலுக்குப் போனான். கணினி வேலை செய்தாலும் கடல்காரன் கடல்காரன்தான், மனம் சரியில்லாவிட்டால் அப்படித்தான் போவான். போனவன் திரும்பி வரவில்லை. நேவி தேடியது. எங்கள் ஆட்கள் நெடுந்தீவு தாண்டியும் தேடினார்கள். போட் இல்லை, எஞ்சின் இல்லை, உடம்பும் இல்லை.

உடம்பு கிடைக்காத இடத்தில் கதைதான் கிடைக்கும். கடல் எடுத்துவிட்டது என்று பாதிச் சனம் சொன்னது. இராமேஸ்வரப் பக்கம் கரையேறி, அங்கிருந்து வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டுவிட்டான் என்று மற்றப் பாதி சொன்னது. நான் இரண்டாவது கட்சி. எனக்கு ஆம்பிளைகள் மேல் அவ்வளவுதான் நம்பிக்கை. இடையில் அகப்பட்டது அவன் மனைவி அற்புதராணி. பெண்சாதியாகவும் இல்லாமல் விதவையாகவும் இல்லாமல் அந்தப் பிள்ளை அந்தரத்தில் நின்றது. கறுப்பு உடுக்கவில்லை, அவன் ஆத்துமாவுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கவில்லை. வீட்டை விட்டு வெளியே வருவதையும் நிறுத்திவிட்டாள். என்ன சொல்லி ஆறுதல் படுத்துவது என்று தெரியாததால் நாங்களும் அவள் வீட்டு ஒழுங்கைப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டோம். அது வெட்கம்தான்.

ஆடி பிறக்க, கொழும்பில் நண்டு வாங்குகிற ஆட்கள் பொறுமை இழந்துவிட்டார்கள். மெயில் போகிற நாளும் உண்டு, போகாத நாளும் உண்டு. ஒழுங்கான ஒருவரைப் பிடியுங்கள், இல்லாவிட்டால் வேறு இடத்தில் நண்டு எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணை நல்லூரில் ஒரு கணினிக் கொம்பனியைப் பிடித்தார். அங்கேயிருந்து கஜானன் என்று ஒரு தம்பி வந்தான். நெற்றியில் திருநீறு, மடித்துவிட்ட சேர்ட் கை, நண்டு மணத்தில் முகத்தைச் சுளிக்காத நல்ல பிள்ளை. மாற்றுவதற்கு முன்னர் எல்லாவற்றையும் தயார்படுத்த வேண்டும் என்று கேள்வி கேட்கத் தொடங்கினான். மெயில் யாருடைய பெயரில், கமரா யாருடைய பெயரில், பிரதி எடுத்து வைப்பது யார் என்று கேட்டுக்கொண்டே போனான். எதைக் கேட்டாலும் எங்களிடம் லெனாட் என்ற ஒரே மறுமொழிதான் இருந்தது. கடைசியில் அவன் பேனையை மூடி வைத்துவிட்டான்.

பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினான். பொறுப்பைக் கைமாற்றுவதென்றால் பழைய ஆள் தன் போனிலோ தன் கணினியிலோ ஒருதரம் சம்மதம் என்ற பொத்தானை அமத்த வேண்டும். போன் கடலோடு போய்விட்டது, கணினியும் அவனோடு போயிருக்கும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அப்படியானால் ஒரே வழி, ஆள் இறந்துவிட்டார் என்று மரணச் சான்றிதழ் அனுப்ப வேண்டும், குடும்பத்தில் ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும் என்றான்.

அண்ணை எழுந்து வெளியே போய்விட்டார். பின்னால் போய்ப் பார்த்தேன். கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உன்ரை புருசன் செத்துப்போனான் எண்டு எழுதித் தா எண்டு அந்தப் பிள்ளையிட்டைக் கேக்க என்னாலை ஏலாது, மேர்சி. நீ கேள்."

எனக்கு மட்டும் ஏலுமா? அவள் அதை எழுதிக்கொடுத்தால் அவளுடைய காத்திருப்பை அவள் கையாலேயே முடித்துவைக்கிற மாதிரி. அதுவும் எதற்கு, எங்கள் நண்டு கொழும்புக்குப் போவதற்கு. நானும் நாளைக்கு, நாளைக்கு என்று கடத்தினேன்.

ஆனால் கஜானனுக்கு நான் சொல்லாமல் விட்ட ஒரு விசயம் இருந்தது. அது அண்ணைக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

மத்தியானத்தில் வாடி வெறிச்சோடிப் போகும். வேலைக்காரப் பெண்கள் சாப்பிடப் போய்விடுவார்கள். ஐஸ் உருகிச் சொட்டுகிற சத்தமும் இலையான் மொய்க்கிற சத்தமும் தவிர ஒன்றும் கேட்காது. மாசி மாதத்தில், அப்படி ஒரு மத்தியானம், என் கை மேசையில் சும்மா இருக்க, கணினியில் அந்த அம்புக்குறி தானாக நகர்ந்தது. நடை பழகுகிற குழந்தை மாதிரி மெல்ல, நின்று நின்று நகர்ந்தது. சுற்றித் திரிந்துவிட்டு, நான் நண்டு நிறை குறித்து வைக்கிற வெள்ளைப் பக்கத்துக்கு வந்து நின்றது. என் இலக்கங்களுக்குக் கீழே எழுத்து விழத் தொடங்கியது. ஆங்கில எழுத்தில் தமிழ்.

சாப்பிட்டீங்களோ?

நான் செருப்பையும் விட்டுவிட்டு வெயிலுக்குள் ஓடினேன். சிரிக்காதீர்கள், நீங்களும் ஓடியிருப்பீர்கள். அண்ணை வந்து பார்த்தார். நெற்றியில் சிலுவை போட்டார். அவருடைய முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"கடலிலை போனவன் வந்து கதைச்சால் மறுமொழி சொல்லவேணும்," என்றார். "ஆர் எண்டு கேக்கப்படாது. பேர் சொல்லியும் கூப்பிடப்படாது. கேட்டால் போயிடுவான், பேந்து வரான்."

இது எங்கள் வீட்டிலும் சொல்கிறதுதான். கடல் எடுத்த ஆட்கள் கனவில் வந்தால்கூட எங்கள் தாய்மார் பெயர் கேட்க மாட்டார்கள், சாப்பாடு மட்டும் கேட்பார்கள். கணினிக்கும் அந்தச் சட்டம் உண்டா என்று யாரிடம் போய்க் கேட்பது? நான் சாப்பிட்டேன் என்பதற்கு ஓம் என்று மட்டும் அடித்தேன். அம்புக்குறி கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெல்ல ஒரு ஓரமாகப் போய்விட்டது.

அதன் பிறகு மத்தியானங்களில் வரும். சாப்பிட்டீங்களோ, சுகமோ, நித்திரை வாறதோ என்று சின்னச் சின்னக் கேள்விகள். நான் ஓம் அல்லது இல்லை என்று மட்டும் போடுவேன். எனக்குள்ளே கோபம் கொதிக்கும். எங்கேயோ இந்தியக் கரையில் ஒரு கணினி முன்னால் இருந்துகொண்டு எங்களோடு விளையாடுகிறான், நாய், பெண்சாதியிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்கிறான் என்று நினைப்பேன். எடா, நீ எங்கே நிற்கிறாய் என்று எழுத விரல் துடிக்கும். ஆனால் எழுத்து ஒவ்வொன்றாக விழுகிற அந்த நேரத்தில் இந்தியாவும் இல்லை, கோபமும் இல்லை. எனக்குப் பயம், அவ்வளவுதான். கேட்டால் போய்விடுவானே என்றும் ஒரு பயம். இரண்டு பயத்தில் எது பெரிது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இப்படி இருக்கும்போதுதான் கஜானன் ஒரு காலையில் மாற்றுவதற்கான ஆயத்தத்துக்கு வந்து என் மேசையில் இருந்தான். பழைய விபரங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு இருந்தவன் திடீரென்று கையை எடுத்துவிட்டான்.

"அக்கா, லெனாட் இணைப்பிலை நிக்கிறார்."

எட்டிப் பார்த்தேன். மூலையில் லெனாட்டின் பெயர், பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. வெளிநாட்டிலிருந்தோ என்று கேட்டேன். அவன் எதையெதையோ திறந்து பார்த்தான். வெளிநாடு இல்லை, இந்தியாவும் இல்லை, உள்ளூர் லைன் ஒன்றுதான் என்றான். அதுவும் எங்கள் கொம்பனியே பணம் கட்டுகிற லைன். வீட்டிலிருந்து வாடிக் கணினியைப் பார்ப்பதற்காக லெனாட்டின் வீட்டுக்கு அண்ணை எடுத்துக்கொடுத்த இன்டர்நெட்.

வீட்டில்! ஆறு மாதமாக ஊரே தேட, மனுசன் தன் வீட்டுக்குள்ளேயே ஒளித்திருக்கிறான். கடன்காரனுக்கோ வேறு எந்தப் பயலுக்கோ பயந்து பூட்டிக்கொண்டு இருக்கிறான், அந்தப் பிள்ளையும் அவனுக்காக வெளியே வராமல் கிடக்கிறாள். எனக்கு இரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. நீ சம்மதம் கேட்டு அனுப்பு தம்பி, நான் போய் அவன் காதைப் பிடித்து அமத்த வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

அற்புதராணி கதவைத் திறந்தாள். மெலிந்துபோய் இருந்தாள், ஆனால் தலை இழுத்து, பவுடர் போட்டு, ஆளை வரவேற்கிற முகத்தோடு நின்றாள். நான் வணக்கமும் சொல்லவில்லை, சுகமும் கேட்கவில்லை. எங்கை அவன் என்றேன்.

அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

"மெல்லக் கதையுங்கோ, மேர்சி அக்கா. வேலையிலை நிக்கிறார்."

அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஜன்னல் சாத்தியிருந்தது. மேசையில் லெனாட்டின் மடிக்கணினி, அதற்கு முன்னால் ஒரு கதிரை. கதிரையில் ஆள் இல்லை. ஆனால் கணினியில் அம்புக்குறி விறுவிறு என்று ஓடிக்கொண்டு இருந்தது. பக்கங்கள் தானாகத் திறந்தன, தானாக மூடின. அந்த வெளிச்சம் வெறும் கதிரையின் சாய்மானத்தில் விழுந்து அசைந்தது.

சுவரைப் பிடித்தேன். ஏனென்றால் அதில் திறந்து மூடியவை என்னுடைய பக்கங்கள். நான் போன கிழமை அடித்த நண்டுக் கணக்கு. வாடியில் என் கதிரையில் கஜானன் இருந்து வேலை செய்கிறான், அது இங்கே தெரிகிறது. வீட்டிலிருந்து வாடிக் கணினியைப் பார்ப்பதற்கென்று லெனாட் போட்டுவைத்த ஏற்பாடு, அப்படியே திறந்தபடி கிடக்கிறது.

அவள் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே போனாள். இதை ஒருநாளும் நிப்பாட்டக் கூடாது, நிப்பாட்டினால் வாடி நின்றுவிடும் என்று லெனாட் சொல்லியிருந்தானாம். அதனால் கரண்டையே கழற்றவில்லையாம். அவன் போய் ஒரு மாதத்துக்குள் தூசி தட்ட வந்தவள், அது தானாக எழுதுவதைக் கண்டாளாம். எல்லாம் நண்டு நிறைதான், அவன் எப்போதும் பார்த்துக்கொண்டு இருக்கிற அதே வேலை. இவளுக்கு வேறு என்ன தோன்றும்? மத்தியானம் சமைத்து முடித்த பிறகு வந்து இருந்து ஏதாவது கேட்பாளாம்.

"கேட்டால் சொல்லுவார். நிறையக் கதைக்க மாட்டார். முந்தியும் அப்பிடித்தானே," என்று சிரித்தாள். ஆர் என்று தான் ஒருநாளும் கேட்கவில்லை, பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை என்றும் சொன்னாள். அவளும் எங்கள் கரையில் பிறந்தவள்தானே.

அவளுடைய கேள்விகள்தான் என்னிடம் வந்தன. என்னுடைய ஓம்தான் அவளிடம் போனது. இரண்டு விசரிகள், ஒரு ஒழுங்கை தள்ளி ஒரு ஒழுங்கையில் இருந்துகொண்டு, ஆளை ஆள் லெனாட் என்று நினைத்துக் கதைத்திருக்கிறோம். எனக்கு அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கஜானன் அனுப்பிய சம்மதப் பெட்டி நடுவில் வந்து நின்றது. உது என்ன என்று கேட்டாள். பொய் சொல்ல எனக்கு வராது. கொம்பனியின் பொறுப்பை வேறு ஆட்களிடம் கொடுக்கிறோம், இதை அமத்தினால் லெனாட்டின் பெயர் எடுபட்டுப் போகும், இந்த வேலையும் இங்கே தெரியாது என்றேன். கத்துவாள், என்னை வெளியே தள்ளுவாள் என்று நினைத்தேன்.

அவள் கதிரையில் இருந்தாள். கையைக் கொண்டுபோய் அதில் வைத்தாள்.

"அமத்திறன் அக்கா. அவர் இல்லை எண்டு எனக்குத் தெரியும். அவரே சொன்னவர். வேலை மிச்சம் கிடக்கு, அதுதான் வந்து போறார். வாற கிழமை பாதரிட்டைப் போய் ஆத்துமாவுக்குப் பூசை கேக்கப்போறன். கறுப்புச் சட்டையும் தைக்கக் குடுத்திட்டன்."

அவ்வளவு அமைதியாக ஒருத்தி சொல்லி நான் கேட்டதில்லை. அவள் தன் பாட்டில், ஒருவருக்கும் தெரியாமல், இந்த அறைக்குள் புருசனைச் சாகக் கொடுத்து முடித்திருந்தாள். நான் வந்த காரியம் கேட்காமலே சரிவந்துவிட்டது. அத்தோடு வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். என் வாயா மூடும்? எப்ப சொன்னவர் என்று கேட்டுவிட்டேன்.

அவள் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த வெள்ளைப் பக்கத்தை எடுத்து, மேலே மேலே போனாள். ஓரிடத்தில் நிறுத்தி விரலால் தொட்டுக் காட்டினாள். குளிருதோ என்று ஒரு கேள்வி. கீழே ஓம்.

"வருசப்பிறப்புக்குப் பிறகு, அக்கா. முற்றத்திலை கால் வைக்க ஏலாத வெயில். எனக்கு ஏதோ மனசிலை பட்டுது, கேட்டன். அந்த வெயிலிலை உயிரோடை இருக்கிற ஆருக்குக் குளிரும்? தண்ணிக்கை கிடக்கிறார் எண்டு அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது. அண்டைக்கு அழுத அழுகையோடை எல்லாம் முடிஞ்சுது."

எனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. ஏசி திருத்துகிறவன் வந்து போன நாள். என்னத்தைச் செய்தானோ, குறைக்கவும் ஏலாமல் நிற்பாட்டவும் ஏலாமல், அறை ஐஸ் பெட்டியாகிப் போனது. நான் சீலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டு இருந்தபோதுதான் அந்தக் கேள்வி விழுந்தது. என்னை எங்கேயோ இருந்து பார்க்கிறான் என்று பதறிப்போய் ஓம் என்று அடித்தேன்.

அவளுடைய விரல் மறுபடி சம்மதத்துக்கு வந்துவிட்டது. ஒரு சின்ன அமத்தல். கொம்பனி தப்பும். அவள் பூசை ஒப்புக்கொடுப்பாள், கறுப்பு உடுப்பாள், மெல்ல மெல்ல வெளியே வருவாள். மேர்சி, வாயைப் பொத்து, உன்னைக் கும்பிட்டேன் வாயைப் பொத்து என்று எனக்கு நானே சொன்னேன். ஆனால் ஒரு பெண் என்னுடைய ஏசிக் குளிரை நம்பித் தன் புருசனைப் புதைக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

"ராணி, அது நான்."

அவளுக்கு விளங்கவில்லை. ஓம் போட்டது நான், நிறை அடித்தது நான், இது வாடியில் உள்ள என் கணினி என்றேன். ஏசியையும் சொன்னேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள், நான்தான் மனம் பேதலித்துப் போனவள் என்கிற மாதிரி.

"நீங்கள் இஞ்சை என்னோடை நிக்கிறியள். அப்ப உதிலை இப்ப ஓடுறது ஆர்?"

நான் போனை எடுத்தேன். கஜானனிடம், வெள்ளைப் பக்கத்தைத் திறந்து உன் பெயரை எழுது தம்பி என்றேன். ஏன் அக்கா என்று கேட்டான். எழுதடா என்று கத்தினேன். அம்புக்குறி வந்து நின்றது. என்னுடைய கடைசி ஓம் இருந்த இடத்துக்குக் கீழே, ஒவ்வொரு எழுத்தாக, கஜானன் என்று விழுந்தது.

அவள் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு மேலே போய் ஒவ்வொரு மறுமொழியாகத் தொட்டு, இதுவும் நீங்களோ, இதுவும் நீங்களோ என்று கேட்டாள். நான் ஒவ்வொன்றுக்கும் ஓம் என்றேன். அடிக்கிற ஓம் இல்லை, வாயால். அந்தக் குளிரின் இடம் வந்தபோது அவள் விரல் நின்றது. அழப்போகிறாள், தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று நான் கிட்டப் போனேன்.

அவள் சம்மதத்திலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"அப்ப குளிருது எண்டு அவர் சொல்லேல்லை," என்றாள்.

"இல்லை."

"அப்ப அவர் தண்ணிக்கை இல்லை."

நான் வாயைத் திறந்தேன். வாழ்க்கையில் முதல் தடவை எனக்கு வாய் வரவில்லை, வர வேண்டிய நேரத்தில். அவளுடைய முகத்தில், என் கண் முன்னாலேயே, இரத்தம் ஏறியது. எழுந்தாள். போய் ஜன்னலை அகலத் திறந்துவிட்டாள். தையல்காரியிடம் போய்ச் சட்டைத் துணியைத் திருப்பி வாங்க வேண்டும், கறுப்பை வேறு என்னத்துக்குத்தான் பாவிக்கிறது என்று தனக்குத்தானே கதைத்துக்கொண்டே, தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள். தை மாதத்துக்கு முந்தி இருந்த ராணியின் நடை அது.

கையில் இருந்த போனில் கஜானன் இன்னும் நின்றான். அக்கா, அவ அமத்தினவவோ என்று கேட்டான்.

"இல்லை தம்பி," என்றேன். "அவர் வந்து அமத்துவாராம்."